உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் உயரும் சர்க்கரை: குடும்பத்தார் அறிய வேண்டியவை



சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றப்பட்ட ஒருவரைப் பற்றி "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்" என்ற செய்தி வரும். ஓரிரு நாளில் அடுத்த செய்தியும் வந்துவிடும். "சர்க்கரை 300ஐத் தாண்டிவிட்டதாம், இன்சுலின் ஏற்றுகிறார்களாம்." இதற்கு முன் சர்க்கரை நோய் என்பதே அறியாதவருக்கு இப்படி ஆகும்போது வீட்டார் குழம்பிப் போகிறார்கள். உறுப்பு ஒத்துக்கொள்ளவில்லையா? மருந்து தவறிவிட்டதா? குளுக்கோஸ் ஏற்றியதால் வந்ததா? இனி ஆயுள் முழுக்க ஊசிதானா?

இந்தக் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை. நாம் மருத்துவர் அல்லர். மருந்தின் அளவைத் தீர்மானிப்பது சிகிச்சை தரும் மருத்துவரின் பொறுப்பு. ஆனால் எது ஏன் நடக்கிறது என்று தெரிந்த குடும்பம் பதறாது, தானாக மருந்தை நிறுத்தாது, கேட்க வேண்டியதைக் கேட்கும். இந்த விஷயத்தில் உயிரைக் காப்பது பெரும்பாலும் அதுதான்.

திருவண்ணாமலையிலிருந்து பார்த்தால்

ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையை ஒட்டி வாழும் குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஆட்டோ ஓட்டுபவர்கள், கடை வைத்திருப்பவர்கள், தங்கும் விடுதிகளில் வேலை செய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி 2013 முதல் இயங்குகிறது. எனினும் உறுப்பு மாற்று சிகிச்சை என்றால் சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூருக்கோ, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலுள்ள புதுச்சேரி ஜிப்மருக்கோ, ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்கோதான் போக வேண்டியிருக்கிறது. மருத்துவமனையில் இருக்கும்வரை மணிக்கொரு தடவை சர்க்கரை பார்க்க செவிலியர் இருக்கிறார். வீடு திரும்பிய பின் அந்தப் பொறுப்பு மனைவியின் கையிலோ மகனின் கையிலோ வந்து சேர்கிறது. மருத்துவமனை தூரத்தில் இருப்பதால், வார்டிலேயே கற்றுக்கொள்ள வேண்டியவை நமக்கு அதிகம்.

சிறிது வரலாறு

1954இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே குழுவினர் ஓர் இரட்டையரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தியதே உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று. அடுத்த பத்தாண்டுக்குள், 1964இலேயே, தாமஸ் ஸ்டார்ஸில் என்ற அறுவை மருத்துவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு ஸ்டீராய்டு மருந்தால் சர்க்கரை நோய் உண்டாவதை எழுதி வைத்தார். ஆக, இது நம் வீட்டு நோயாளிக்கு மட்டும் வந்த விபரீதம் அல்ல. உறுப்பு மாற்று மருத்துவத்துக்கு எவ்வளவு வயதோ, ஏறக்குறைய அவ்வளவு வயது இந்தச் சிக்கலுக்கும் இருக்கிறது.

இந்தியாவில் சிறுநீரக மாற்று முதன்முதலில் வெற்றி கண்டது 1971இல், நம் பக்கத்து ஊரான வேலூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானமாகத் தந்ததற்குப் பிறகு தமிழகத்தில் இதுபற்றிய விழிப்பு பரவியது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பங்கிட்டுத் தரும் பணியை இன்று தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் பார்க்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் உறுப்பு மாற்று சிகிச்சை இடம்பெற்றுள்ளது. முன்பு வசதி படைத்தவர்களுக்கே எட்டிய சிகிச்சை, இன்று சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டுகிறது. அதனால் அதன் பின்விளைவுகளை அறிய வேண்டிய குடும்பங்களும் பெருகிவிட்டன.

சர்க்கரை ஏன் உயர்கிறது?

இதற்குக் காரணம் ஒன்றல்ல. பல காரணங்கள் ஒரே நேரத்தில் கூடி வருகின்றன.

முதலாவது, ஸ்டீராய்டு. புதிய உறுப்பை நம் உடல் அந்நியமாகக் கருதித் தாக்கும். அதைத் தடுக்க அறுவையின்போது ஊசி வழியாகப் பெரிய அளவிலும், பிறகு பிரெட்னிசோலோன் மாத்திரையாகப் படிப்படியாகக் குறைந்த அளவிலும் ஸ்டீராய்டு தருகிறார்கள். இது கல்லீரலைக் கூடுதல் சர்க்கரையை வெளியிட வைக்கும். தசைகளில் இன்சுலின் வேலை செய்வதையும் மந்தப்படுத்தும்.

இரண்டாவது, டாக்ரோலிமஸ். 1984இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டெடுக்கப்பட்ட மருந்து இது. உறுப்பு நிராகரிப்பைத் தடுப்பதில் இன்று முதன்மையானது. ஆனால் கணையம் இன்சுலின் சுரப்பதை இது குறைக்கும். ஸ்டீராய்டு இன்சுலினின் தேவையைக் கூட்ட, டாக்ரோலிமஸ் அதன் வரத்தைக் குறைக்கிறது. செலவு ஏறி வருமானம் இறங்கிய வீடு போல உடல் ஆகிவிடுகிறது.

மூன்றாவது, அறுவையின் அதிர்ச்சி. பெரிய அறுவை எதுவானாலும் உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் சுரப்புநீர்கள் சர்க்கரையை ஏற்றும். வலியும் காய்ச்சலும் தொற்றும் அதைக் கூட்டும்.

நான்காவது, புதிய சிறுநீரகமே ஒரு காரணம் என்றால் வியப்பாக இருக்கும். ரத்தத்திலுள்ள இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு. செயலிழந்த சிறுநீரகத்தோடு டயாலிசிஸில் இருந்தபோது இன்சுலின் உடலில் நீண்ட நேரம் தங்கியது, அதனால் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதுபோல் தெரிந்தது. நல்ல சிறுநீரகம் வந்ததும் இன்சுலின் விரைவாக வெளியேறுகிறது. முன்பே சர்க்கரை உள்ளவர்களுக்கு மாற்றுக்குப் பின் ஊசியின் அளவு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அது உறுப்பு வேலை செய்வதன் அடையாளமே.

ஐந்தாவது, பசி. பல ஆண்டுகளாக ருசியே மறந்து, தண்ணீரைக்கூட அளந்து குடித்தவருக்கு உணவு மீண்டும் இனிக்கிறது. ஸ்டீராய்டும் பசியைத் தூண்டும். எடை ஏறும், அதோடு சர்க்கரையும் ஏறும்.

யாருக்கு அதிகம் வரும்?

அறுவைக்குப் பிந்தைய முதல் சில நாட்களில், முன்பு சர்க்கரை இல்லாதவர்களிலும் பெரும்பாலானோருக்கு அளவு உயரவே செய்கிறது. ஸ்டீராய்டு குறையக் குறையப் பலருக்கு அது தணிந்துவிடும். சிலருக்கு நிலைத்து நின்று, மாற்றுக்குப் பிந்தைய நீரிழிவு என்ற தனி நோயாகிறது.

நடுவயதைத் தாண்டியவர்கள், உடல் எடை கூடியவர்கள், பெற்றோரிலோ உடன்பிறந்தவர்களிலோ சர்க்கரை உள்ளவர்கள், முன்பே சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்கள், ஹெபடைட்டிஸ் சி கிருமி உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். நம் நாட்டவர் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. 15.3 சதவீதம் பேர் எல்லைக்கோட்டில் இருக்கிறார்கள். எனவே மாற்று அறுவைக்கு முன்பே குடும்ப வரலாற்றை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். "சம்பந்தம் பேசும் இடத்தில் தெரிந்துவிடும்" என்ற தயக்கம் இங்கே உதவாது.

கவனிக்காமல் விட்டால்?

சர்க்கரை கூடிய ரத்தத்தில் வெள்ளணுக்களின் போராடும் திறன் குறையும். நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகள் ஏற்கெனவே எதிர்ப்பு சக்தியைக் குறைத்து வைத்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் தையல் ஆறத் தாமதமாகும், சிறுநீர்த் தொற்றும் நுரையீரல் தொற்றும் எளிதில் பற்றும். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை நோய் பரவியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஸ்டீராய்டும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஒரே உடலில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அன்று நாடே பார்த்தது. உறுப்பு மாற்றப்பட்டவரின் உடலில் அந்த இரண்டும் சேரும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது.

இன்னொரு நுட்பமான ஆபத்தும் உண்டு. சர்க்கரை மிகுந்தால் சிறுநீர் அதிகமாகப் பிரியும். "புது கிட்னி நன்றாக வேலை செய்கிறது" என்று வீட்டார் மகிழ்ந்துகொண்டிருக்க, உடல் உள்ளே வறண்டுகொண்டிருக்கும். நீர்ச்சத்து குறைந்தால் புதிய சிறுநீரகமே பாதிக்கப்படும். அதிகமாகச் சிறுநீர் போவதோடு தீராத தாகமும், வாய் உலர்வும், அசதியும் இருந்தால் உடனே சர்க்கரை பார்க்க வேண்டும்.

நெடுங்காலத்தில், கட்டுப்படாத சர்க்கரை இதயத்தையும் கண்ணையும் தாக்குவதோடு, புதிதாகக் கிடைத்த சிறுநீரகத்தையும் பழையதைப் போலவே அரித்துவிடும்.

மருத்துவமனையில் எந்த அளவில் வைப்பார்கள்?

"வெறும் வயிற்றில் 100க்குள் இருக்க வேண்டுமே, ஏன் 160ஐப் பார்த்து டாக்டர் சரி என்கிறார்?" என்று பலர் கேட்கிறார்கள். இதற்குப் பின்னால் இருபது ஆண்டுப் பாடம் இருக்கிறது.

2001இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 1,548 பேரிடம் நடந்த ஆய்வு, சர்க்கரையை 80 முதல் 110க்குள் இறுக்கிப் பிடித்தால் இறப்பு குறைகிறது என்றது. உலகம் முழுவதும் மருத்துவமனைகள் அப்படியே செய்யத் தொடங்கின. ஆனால் 2009இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வட அமெரிக்க மருத்துவமனைகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த மற்றோர் ஆய்வின் முடிவு வந்தது. இறுக்கிப் பிடிக்கப்பட்டவர்களில் 27.5 சதவீதம் பேரும், 180க்குள் இருந்தால் போதும் என்று விடப்பட்டவர்களில் 24.9 சதவீதம் பேரும் 90 நாட்களுக்குள் இறந்திருந்தனர். இறுக்கிப் பிடித்தவர்களுக்குத் தாழ்சர்க்கரையும் பல மடங்கு அதிகமாக வந்திருந்தது. சிறுநீரகம் மாற்றப்பட்டவர்களிடம் செய்து 2012இல் வெளியான ஒரு சிறிய ஆய்விலும் மிக இறுக்கமான கட்டுப்பாடு நன்மை தரவில்லை.

எனவே இன்று பெரும்பாலான மருத்துவமனைகள், 180க்கு மேல் தொடர்ந்து நின்றால் இன்சுலின் தொடங்கி, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 140 முதல் 180 மில்லிகிராம் வரை வைக்க முயல்கின்றன. நோயாளியின் நிலையைப் பொறுத்து இது சற்று மாறலாம். எதிலும் நடுநிலையே நலம் என்று மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. மருத்துவ உலகம் ஆய்வின் வழியே வந்து சேர்ந்த இடமும் இங்கே அதுதான்.

ஏன் இன்சுலின்? எப்படித் தருகிறார்கள்?

அறுவை முடிந்த நோயாளிக்கு மாத்திரையைவிட இன்சுலினே பொருத்தம். அளவைக் கூட்டவும் குறைக்கவும் எளிது. உணவு உட்கொள்ள முடியாத நிலையிலும் தரலாம். நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளோடு மோதாது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சிரை வழியாகச் சொட்டுச் சொட்டாக இன்சுலின் செல்லும். மணிக்கொரு முறை சர்க்கரை பார்த்து வேகத்தை மாற்றுவார்கள். இன்சுலின் ரத்தத்தின் பொட்டாசியத்தையும் குறைக்கும் என்பதால் அதையும் அடிக்கடி பார்ப்பார்கள். நோயாளி உண்ணத் தொடங்கியதும் தோலடி ஊசிக்கு மாற்றுவார்கள். சொட்டை நிறுத்துவதற்குச் சில மணி நேரம் முன்பே நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசியைப் போட்டுவிடுவது முறை. இல்லையென்றால் இடையில் சர்க்கரை திடீரென்று ஏறிவிடும்.

வார்டில் இன்சுலின் மூன்று பங்காகப் பிரியும். நாள் முழுக்கத் தேவையான அடிப்படை அளவு, ஒவ்வொரு வேளை உணவுக்குமான அளவு, அப்போதைய சர்க்கரை கூடியிருந்தால் அதைச் சரிசெய்யும் சிறு அளவு. சாப்பாடு வருமுன் ஊசி போட்டுவிட்டு, நோயாளி "குமட்டுகிறது, வேண்டாம்" என்று தட்டைத் தள்ளிவிட்டால் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். துணைக்கு இருப்பவரின் முக்கியமான வேலைகளில் இது ஒன்று. மூக்குக் குழாய் வழியாக உணவு போய்க்கொண்டிருந்து அது நின்றாலும் அப்படியே.

வியன்னாவில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீரகம் மாற்றப்பட்ட 50 பேரில் ஒரு பாதியினருக்கு அறுவைக்குப் பின் விரைவிலேயே அடிப்படை இன்சுலின் தரப்பட்டது. ஓராண்டுக்குப் பின் அவர்களில் நிரந்தர நீரிழிவு குறைவாகவே இருந்தது. கணையத்துக்கு இக்கட்டான வேளையில் ஓய்வு கிடைத்ததே காரணம் என்று கருதினார்கள். "ஊசி தொடங்கினால் விடவே முடியாது" என்ற பேச்சில் உண்மை இல்லை. சரியான நேரத்தில் போட்ட ஊசியே பிற்பாடு ஊசி இல்லாமல் இருக்கத் துணை செய்யவும் கூடும்.

காலையில் மட்டும் பார்த்தால் போதாது

நம்மில் பலர் வெறும் வயிற்றுச் சர்க்கரையையே பெரிதாக நினைக்கிறோம். இங்கே அது ஏமாற்றும். காலை எட்டு மணிக்கு ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் அதன் வேகம் மதியத்திலிருந்து இரவுவரை தெரியும், விடியும்போது தணிந்திருக்கும். விடிகாலையில் 95, அஸர் நேரத்தில் 290 என்று இருப்பது இவர்களிடம் சாதாரணம். எனவே மதிய உணவுக்குப் பிறகும் மாலையிலும் பார்ப்பது அவசியம்.

மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் ஆரம்ப மாதங்களில் நம்பத்தக்கதல்ல. ரத்தசோகை, ரத்தம் ஏற்றியது, ரத்தம் ஊற வைக்கும் ஊசிகள் ஆகியவற்றால் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டலாம். நிரந்தர நீரிழிவு என்று முடிவு கட்டுவதையும், நோயாளி வீடு திரும்பி மருந்தளவுகள் நிலைபெறும்வரை மருத்துவர்கள் தள்ளிவைப்பார்கள்.

வீட்டுக் கருவியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வயிற்று வழி டயாலிசிஸ் செய்தவர்களுக்குத் தரப்படும் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற திரவம், சில வகைக் கருவிகளில் இல்லாத சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி ஊசி போட்டால் ஆபத்து. அப்படி டயாலிசிஸ் செய்திருந்தால் கருவியைக் காட்டி மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். பழம் உரித்த கையோடு விரலில் குத்தினாலும் அளவு தவறும். கையைக் கழுவித் துடைத்துவிட்டே பார்க்க வேண்டும்.

தாழ்சர்க்கரை: அதிகம் அஞ்ச வேண்டியது

70க்குக் கீழ் போனால் தாழ்சர்க்கரை, 54க்குக் கீழ் போனால் கடுமையானது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம் ஆகியவை அறிகுறிகள். ரத்த அழுத்தத்துக்காக மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டுமே எச்சரிக்கும்.

உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் தூளோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். 108ஐ அழைக்க வேண்டும்.

இது மிகுதியாக நேர்வது வீடு திரும்பிய பிறகுதான். காரணம் எளிது. ஸ்டீராய்டை வாரவாரம் குறைத்துக்கொண்டு வருகிறார்கள், இன்சுலின் தேவையும் அதோடு குறைகிறது. ஆனால் வீட்டில் டிஸ்சார்ஜ் நாளன்று எழுதிய அளவையே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனவே ஸ்டீராய்டு குறைக்கப்படும் ஒவ்வொரு முறையும் "இன்சுலினையும் குறைக்க வேண்டுமா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். சிறுநீரகத்தின் வேலை குறைந்தாலும் இன்சுலின் உடலில் தங்கிச் சர்க்கரை இறங்கும். காரணம் புரியாமல் அடிக்கடி சர்க்கரை இறங்கினால் கிரியேட்டினின் பரிசோதனையும் தேவை.

செய்யவே கூடாத ஒன்று

சர்க்கரையை ஏற்றுவது ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும்தான் என்று தெரிந்ததும், "அந்த மாத்திரையை நிறுத்திப் பார்ப்போமே" என்ற எண்ணம் எழும். கூடவே அக்கம்பக்கத்தார் யோசனையும் வரும். இதை ஒருபோதும் செய்யக் கூடாது. சர்க்கரை 300 இருந்தால் இன்சுலினால் இறக்கலாம். நிராகரிக்கப்பட்ட உறுப்பை மீட்பதோ மிகக் கடினம். சர்க்கரைக்காக மருந்தை மாற்ற வேண்டிய நிலை வந்தால் அதை உறுப்பு மாற்று மருத்துவரே, ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துச் செய்வார்.

அந்த உறுப்பு எங்கிருந்து வந்தது என்பதை நினைத்துப் பார்ப்போம். பல வீடுகளில் அது தாயின் சிறுநீரகம், மனைவியின் சிறுநீரகம். சில வீடுகளில், பெற்ற மகனை இழந்த நாளிலேயே முன்பின் அறியாத யாரோ ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்தது. நம் உடலே அல்லாஹ் தந்த அமானிதம். இந்த உறுப்பு அமானிதத்தின் மேல் வந்த இன்னோர் அமானிதம்.

உணவும் பார்க்க வருபவர்களும்

நோயாளியைப் பார்க்கப் போவது நன்மையான செயல். ஆனால் உறுப்பு மாற்றப்பட்டவரை ஆரம்ப மாதங்களில் தொலைபேசியில் நலம் விசாரித்து துஆச் செய்வதே அவருக்குச் செய்யும் பெரிய உதவி. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் முகக்கவசம் அணிந்து, கையைக் கழுவி, சிறிது நேரத்தில் திரும்பிவிட வேண்டும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் போகவே கூடாது. பழரசம், சத்துபானப் பொடி, இனிப்பு ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டாம்.

சோறு, இட்லி, பிரெட் எல்லாமே சர்க்கரையாக மாறும். அளவு முக்கியம். வேளைக்கு இவ்வளவு என்று உணவியலாளர் எழுதித் தருவதைப் பின்பற்ற வேண்டும். பருப்பு, முட்டை, நன்றாக வெந்த மீன், கோழி ஆகியவை புண் ஆறத் தேவை. கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். இளநீரில் சர்க்கரையோடு பொட்டாசியமும் உண்டு, கேட்காமல் தரக் கூடாது.

பம்ப்ளிமாஸ் பழமும் கிரேப்ஃப்ரூட்டும் டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் தாறுமாறாக ஏற்றிவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். சில பூஞ்சை மாத்திரைகளும், எரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளும் அப்படியே. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதைக் குறைத்துவிடும். எனவே எந்தக் காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கக் கூடாது.

தேன், கருஞ்சீரகம், பேரீச்சை பற்றி நம் மக்கள் கேட்பார்கள். ஹதீஸ்களில் சிறப்பித்துக் கூறப்பட்டவை அவை. நாம் அதை நேசிக்கிறோம். ஆயினும் தேனும் பேரீச்சையும் சர்க்கரையை ஏற்றுபவை. கருஞ்சீரகம் சர்க்கரையை இறக்கக்கூடியது, இன்சுலினோடு சேர்ந்தால் கணக்கு தப்பலாம். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நபிகளார் (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல்தான். மருத்துவரிடம் சொல்லாமல் இவற்றை மருந்தாக எடுக்க வேண்டாம். கசாயங்களுக்கும் லேகியங்களுக்கும் இதுவே பொருந்தும்.

மார்க்கம் தொடர்பான சில கேள்விகள்

இன்சுலின் பன்றியிலிருந்து எடுப்பதா? 1921இல் கனடாவில் இன்சுலின் கண்டறியப்பட்ட பின் பல பத்தாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுத்தார்கள். 1982இல் மனித இன்சுலின் சந்தைக்கு வந்தது. மனித மரபணுவை நுண்ணுயிரில் வைத்து உருவாக்குவது அது. இன்று நம் மருந்துக் கடைகளில் பரவலாகக் கிடைப்பவை இவ்வகையே. அந்த ஐயத்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

உறுப்பு மாற்று கூடுமா? 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி நிபந்தனைகளுடன் அனுமதித்தது. மாற்றுக் கருத்துடைய ஆலிம்களும் உள்ளனர். உறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகு அதைக் காப்பது கடமை என்பதில் ஐயம் இல்லை.

நோன்பு? நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பதைக் குர்ஆனே அறிவிக்கிறது. நம் பகுதியில் நோன்பு ஏறத்தாழ பதின்மூன்றரை மணி நேரம். டாக்ரோலிமஸ் பொதுவாக 12 மணிக்கு ஒரு முறை தவறாமல் எடுக்க வேண்டியது. இன்சுலினும் சேர்ந்தால் பகலில் தாழ்சர்க்கரை வரும் அபாயம் அதிகம், நீர்ச்சத்துக் குறைவு சிறுநீரகத்தைப் பாதிக்கும். முதலாண்டில் நோன்பை மருத்துவர்கள் பொதுவாகத் தடுப்பார்கள். பிறகும் அவர்கள் அனுமதித்தால் மட்டுமே நோற்க வேண்டும். முடியாதவர் களாச் செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதைத் தம் நிலையைச் சொல்லி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். சலுகையை ஏற்பது ஈமானின் குறைவல்ல. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதாலோ இன்சுலின் ஊசியாலோ நோன்பு முறியாது என்பது பெரும்பாலான ஆலிம்களின் தீர்ப்பு.

டிஸ்சார்ஜ் ஆகுமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

1. எந்த இன்சுலின், எத்தனை யூனிட், உணவுக்கு எத்தனை நிமிடம் முன்பு? நோயாளியும் துணையாளரும் செவிலியர் முன்னிலையில் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.
2. ஒரு நாளில் எந்தெந்த நேரத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும்? எந்த அளவுக்கு மேலும் கீழும் போனால் அழைக்க வேண்டும்? இரவிலும் எடுக்கும் எண் எது?
3. ஸ்டீராய்டு குறையும் தேதிகள் எவை? அன்று இன்சுலின் அளவு என்ன?
4. பழைய சர்க்கரை மாத்திரைகளைத் தொடரலாமா? மெட்ஃபார்மின் போன்றவற்றைச் சிறுநீரகத்தின் திறன் பார்த்தே தருவார்கள். பழைய சீட்டை வைத்து வாங்க வேண்டாம்.
5. டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.
6. வாந்தி, பேதி வந்தால் என்ன செய்வது? மாத்திரையும் ஊசியும் தடுமாறும் நேரம் அது. அன்றே அழைக்க வேண்டும்.

ரமணாசிரமம் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு. பௌர்ணமி நாட்களிலும் கார்த்திகை தீபத்தின்போதும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடப்பார்கள், வாகனப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்படும். அந்தத் தேதிகளைப் பார்த்து, ஒரு வாரத்துக்கான மருந்தும் பரிசோதனைப் பட்டைகளும் முன்னதாகவே வாங்கி வையுங்கள். மருத்துவமனை செல்லும் நாளை அவற்றோடு மோதாமல் கேட்டுப் பெறுங்கள். அடுத்தது, கோடை வெப்பம். பிரிக்காத இன்சுலினைக் குளிர்ப்பெட்டியின் கதவுப் பக்கத்திலோ நடுத்தட்டிலோ வையுங்கள், உறைய விடாதீர்கள். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு டப்பாவில் வைக்கலாம். வேலூர் பேருந்தில் போகும்போது ஜன்னலோரப் பையில் வெயில்பட வைக்காதீர்கள்.

கடைசியாக ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அறுவைக்குப் பணம் திரட்டித் தருவதில் நம் சமூகம் பின்வாங்குவதில்லை. அறுவை முடிந்ததும் உதவி நின்றுவிடுகிறது. அதன் பிறகு மாதந்தோறும் மருந்து, இன்சுலின், பரிசோதனைப் பட்டை, பேருந்துச் செலவு என்று குடும்பம் தவிக்கிறது. பட்டை வாங்கப் பணமில்லாமல் சர்க்கரை பார்ப்பதை நிறுத்தும் வீடுகளும் இருக்கலாம். பைத்துல்மாலிலிருந்து ஒரு சிறு தொகையை இதற்கென ஒதுக்கினால், முன்பு திரட்டிய பெருந்தொகையும் வீணாகாது. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவந்து தருகிறது. தகுதியுள்ளோரின் பெயரைப் பதிவு செய்ய இளைஞர்கள் உதவலாம்.

சர்க்கரை உயர்வது உறுப்பு மாற்றுக்குப் பின் எதிர்பார்க்கப்படும் ஒன்று. கவனித்தால் கட்டுப்படும், பலருக்குத் தணிந்தும் போகும். நோயுற்ற அனைவருக்கும் முழுமையான ஷிஃபாவையும், அவர்களைப் பேணும் குடும்பத்தாருக்குப் பொறுமையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.